உதட்டுக் கொப்புளமும் இல்லற நலமும்

கடுங்காய்ச்சல் கண்டு தேறி வருபவரின் உதட்டோரத்தில் சிறு சிறு நீர்க் கொப்புளங்கள் கொத்தாகத் தோன்றுவதை யாவரும் பார்த்திருப்பர். இரண்டொரு நாளில் அவை உடைந்து புண்ணாகி, பொருக்குத் தட்டி, ஏழு முதல் பத்து நாட்களுக்குள் பெரும்பாலும் வடுவின்றி மறைந்துவிடும். உடற்சூட்டினால் வந்தது என்றும், பூச்சி ஊர்ந்ததால் வந்தது என்றும் இதற்குக் காரணம் கூறப்படுகிறது. எவரும் இதைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் இதே போன்ற கொப்புளம் பிறப்புறுப்பில் தோன்றுமானால் நிலைமை முற்றிலும் மாறிவிடுகிறது. அச்சமும் நாணமும் ஒருங்கே எழுகின்றன. மருத்துவரிடம் செல்லத் தயக்கம் உண்டாகிறது. கணவன் மனைவியரிடையே ஐயப்பாடு தலைதூக்கிக் குடும்பத்தின் அமைதி குலைகிறது.

இவ்விரு கொப்புளங்களுக்கும் காரணமாக இருப்பவை நெருங்கிய உறவுடைய இரு வைரஸ்களே ஆகும். சில நேரங்களில் இரண்டிற்கும் காரணம் ஒரே வைரஸாகவும் இருக்கலாம். ஒன்றை அற்பமாகவும் மற்றொன்றை அவமானமாகவும் கருதும் மனப்போக்கே இந்நோய் பரவுவதற்கும், அதனினும் மேலாகத் தேவையற்ற துன்பம் விளைவதற்கும் வழி வகுக்கிறது. எனவே இதன் இயல்பைச் சரிவர அறிந்து கொள்வது பொதுநலப் பணியில் ஈடுபட்டுள்ளோர் அனைவருக்கும் இன்றியமையாததாகும்.

இரு வகைகள்

இந்நோயை உண்டாக்கும் கிருமிக்கு ஹெர்ப்பீஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸ் என்று பெயர். இதில் முதல் வகை, இரண்டாம் வகை என இரு பிரிவுகள் உள்ளன. முதல் வகை பெரும்பாலும் வாயையும் உதட்டையும் பற்றுவது. குழந்தைப் பருவத்தில் பெற்றோரோ உறவினரோ கொடுக்கும் முத்தத்தின் மூலம், அல்லது உமிழ்நீர் படுவதன் மூலம் இது தொற்றுகிறது. இரண்டாம் வகை பெரும்பாலும் உடலுறவின் வாயிலாகப் பரவிப் பிறப்புறுப்பையும் அதனைச் சூழ்ந்த பகுதியையும் பற்றுகிறது.

எனினும் இந்த எல்லைக்கோடு உறுதியானதன்று. உதட்டில் முதல் வகைத் தொற்று உள்ளவர் வாய்வழி உறவு கொள்ளும்போது அது துணைவரின் பிறப்புறுப்பிற்குச் செல்லக்கூடும். ஆகவே பிறப்புறுப்பில் ஹெர்ப்பீஸ் காணப்படுவதாலேயே அது வெளியிலிருந்து புதிதாக வந்த பால்வினை நோய் என்று முடிவு கட்டுவது தவறு. கணவனுக்கோ மனைவிக்கோ சிறு வயதில் ஏற்பட்டு மறந்துபோன உதட்டுக் கொப்புளமே அதன் தோற்றுவாயாக இருக்கலாம்.

தமிழில் வழங்கும் 'அக்கி' என்னும் சொல் இங்குக் குழப்பத்திற்கு இடமளிக்கிறது. உடலின் ஒரு பக்கத்தில் பட்டையாகக் கொப்புளித்து, கடுமையான எரிச்சலைத் தரும் அக்கியானது, முன்னர் அம்மை கண்டவரின் உடலில் தங்கியிருந்த சின்னம்மை வைரஸ் மீண்டும் கிளர்ந்தெழுவதால் வருவது. அது ஹெர்ப்பீஸ் குடும்பத்தைச் சேர்ந்ததேயாயினும் வேறு நோயாகும். பால்வினை நோயும் அன்று. பேச்சு வழக்கில் எல்லாக் கொப்புளங்களையும் அக்கி என்று அழைப்பதால், சிகிச்சையிலும் அறிவுரையிலும் பிழை நேர வாய்ப்புண்டு.

உறங்கும் கிருமி

இவ்வைரஸின் தனிச்சிறப்பு அது உடலை விட்டு நீங்குவதில்லை என்பதாகும். தோலின் வழியே அல்லது மென்சவ்வின் வழியே நுழையும் கிருமி, அங்குள்ள நரம்பிழைகளைப் பற்றி ஏறி நரம்பு முடிச்சுகளில் தங்கிவிடுகிறது. உதட்டுத் தொற்றாயின் முகத்திற்குச் செல்லும் நரம்பின் முடிச்சிலும், பிறப்புறுப்புத் தொற்றாயின் தண்டுவடத்தின் அடிப்பகுதியை ஒட்டிய முடிச்சுகளிலும் அது ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். காய்ச்சல், கடும் வெயில், மனஅழுத்தம், மாதவிலக்கு, உடல் எதிர்ப்பாற்றல் குறைவு போன்ற காரணங்களால் விழித்தெழுந்து, சென்ற வழியே தோலின் மேற்பரப்பிற்குத் திரும்பி வரும். கொப்புளம் தோன்றுவதற்கு முன்னர் அவ்விடத்தில் குறுகுறுப்போ எரிச்சலோ உண்டாவது வழக்கம்.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்படுகின்றன. முதலாவது, கொப்புளம் இன்று தோன்றுவதால் தொற்று நேற்று ஏற்பட்டது என்று கொள்ள முடியாது. திருமணத்திற்குப் பல ஆண்டுகளுக்கு முன் நுழைந்த கிருமி, திருமணமாகிப் பல ஆண்டுகள் சென்ற பின்னர் முதன்முறையாகத் தன்னை வெளிப்படுத்தலாம். எனவே கொப்புளத்தை நம்பிக்கைத் துரோகத்தின் சான்றாகக் கருதுவதற்கு மருத்துவ அடிப்படை எதுவும் இல்லை. இரண்டாவது, தொற்று உள்ளவருள் பலர் தமக்குத் தொற்று இருப்பதையே அறியார். கொப்புளம் எதுவும் இல்லாத நாட்களிலும் சிறிதளவு வைரஸ் தோலின் மேற்பரப்பில் வெளிப்படுவதுண்டு. தொற்றுகளில் பெரும் பகுதி இவ்வாறு அறிகுறியற்ற காலத்தில், இருவருமே அறியாத நிலையில்தான் நிகழ்கிறது.

பரவலின் அளவு

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2020-ஆம் ஆண்டில் 50 வயதுக்குட்பட்டோரில் ஏறக்குறைய 380 கோடிப் பேர், அதாவது 64 சதவீதத்தினர், முதல் வகைத் தொற்றை உடையவர்களாக இருந்தனர். 15 முதல் 49 வயது வரையிலானோரில் இரண்டாம் வகைப் பிறப்புறுப்புத் தொற்று உடையோர் சுமார் 52 கோடி; முதல் வகையால் பிறப்புறுப்புத் தொற்று அடைந்தோர் சுமார் 37.6 கோடி. இவ்விரண்டும் உடையோர் ஏறத்தாழ 5 கோடி எனக் கொண்டு கழித்தால், பிறப்புறுப்பு ஹெர்ப்பீஸ் உடையோரின் மொத்த எண்ணிக்கை 84.6 கோடி ஆகிறது. இது அவ்வயதினரில் ஐவருக்கு ஒருவர் என்பதற்கும் சற்று மிகுதி. ஆயினும் அவ்வாண்டில் ஒரு முறையேனும் அறிகுறி கண்டவர் 20.5 கோடிப் பேரே. எஞ்சியோர் அறிகுறி ஏதுமின்றியே அந்த ஆண்டைக் கழித்தனர் என்பது கருதத்தக்கது.

ஆடவரைவிடப் பெண்டிரே இதனால் மிகுதியாகப் பாதிக்கப்படுகின்றனர். 2016-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி இரண்டாம் வகைத் தொற்று உடைய பெண்கள் 31.3 கோடி, ஆண்கள் 17.8 கோடி. ஆணிடமிருந்து பெண்ணுக்குத் தொற்றுவது எளிதாகவும், பெண்ணிடமிருந்து ஆணுக்குத் தொற்றுவது அதைவிடக் கடினமாகவும் இருப்பதே இதற்குக் காரணம். ஆயினும் குடும்பத்தில் பழி சுமத்தப்படும்போது அது பெண்ணின் மீதே முதலில் விழுகிறது என்பது வருந்தத்தக்க முரண்பாடாகும்.

வளர்ச்சியின் எதிர்பாராத விளைவு ஒன்றையும் இங்குக் குறிப்பிட வேண்டும். நெருக்கடியான வீடுகளில் பலர் சேர்ந்து வாழும் சமுதாயங்களில் குழந்தைகள் சிறு வயதிலேயே முதல் வகைத் தொற்றை வாயின் மூலம் பெற்றுவிடுகின்றனர். அதனால் பிற்காலத்தில் அதே வகை பிறப்புறுப்பில் தொற்றுவதினின்றும் பெருமளவு காப்புப் பெறுகின்றனர். வாழ்க்கைத் தரம் உயர்ந்து வீட்டு வசதி பெருகிய நாடுகளில் இளமைப் பருவத்தை எட்டும் வரை பலருக்கு இத்தொற்று ஏற்படுவதில்லை. அவர்கள் முதன்முதலாக அதைச் சந்திப்பது இல்லற உறவிலேயாம். இதனால் அந்நாடுகளில் பிறப்புறுப்பில் முதல் வகைத் தொற்று பெருகி வருகிறது. இத்தகைய மாற்றத்தை வளரும் நாடுகளும் எதிர்நோக்க வேண்டியிருக்கும்.

தொற்றும் வழியும் தொற்றா வழியும்

தோலும் தோலும், அல்லது தோலும் மென்சவ்வும் நேராகத் தொடுவதனாலேயே இக்கிருமி பரவுகிறது. முத்தம், உடலுறவு, வாய்வழி உறவு ஆகியவை முக்கிய வழிகள். உடலுக்கு வெளியே இவ்வைரஸ் நெடுநேரம் உயிர்ப்புடன் இருப்பதில்லை. ஆதலின் பொதுக் கழிப்பிடம், நீச்சல் குளம், படுக்கை விரிப்பு முதலியவற்றால் தொற்றிவிடும் என்ற அச்சம் அடிப்படையற்றது. புண்ணைத் தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவுவது நன்று. குறிப்பாக, அக்கையால் கண்ணைத் தொடுதல் கூடாது. கண்ணின் கருவிழியில் இத்தொற்று ஏற்பட்டால் பார்வைக்கே ஊறு விளையலாம்.

துணைவருக்குத் தொற்றாமல் காக்கும் முறைகள் நான்கு எனலாம். குறுகுறுப்புத் தோன்றியது முதல் பொருக்கு முற்றிலும் உதிரும் வரை, உதட்டில் புண் இருப்பின் முத்தத்தையும் வாய்வழி உறவையும், பிறப்புறுப்பில் இருப்பின் உடலுறவையும் தவிர்த்தல் முதலாவது. ஆணுறையை இடைவிடாது பயன்படுத்துதல் இரண்டாவது. அது மூடாத பகுதியிலும் வைரஸ் வெளிப்படக்கூடுமாதலால் இம்முறை ஆபத்தைக் குறைக்குமேயன்றி முழுமையாக நீக்காது. மருத்துவர் அறிவுரைப்படி நாள்தோறும் மருந்து உட்கொள்ளுதல் மூன்றாவது. தமக்குத் தொற்று உண்டு என்பதைத் துணைவரிடம் மறைக்காது கூறுதல் நான்காவது. முதல் மூன்றும் நான்காவதைச் சார்ந்தே நிற்கின்றன. ஏனெனில் காரணம் கூறாமல் கடைப்பிடிக்கப்படும் கட்டுப்பாடு நெடுநாள் நிலைப்பதில்லை.

மருந்தும் அதன் பயனும்

அசைக்ளோவிர் என்னும் மருந்து இந்நோய்ச் சிகிச்சையில் பெரும் திருப்பத்தை உண்டாக்கியது. வைரஸ் நுழைந்த உயிரணுக்களில் மட்டும், அவ்வைரஸே உற்பத்தி செய்யும் ஒரு நொதியால் தூண்டப்பட்டு இம்மருந்து செயற்படத் தொடங்குகிறது. நலமான உயிரணுக்களை அது பெரும்பாலும் தீண்டுவதில்லை. இதை உருவாக்கிய ஆய்வுக் குழுவிற்குத் தலைமை தாங்கிய கெர்ட்ரூட் எலியான் அம்மையார் முனைவர் படிப்பை முடிக்காதவர். ஆயினும் 1988-இல் மருத்துவத்திற்கான நோபல் பரிசை ஜார்ஜ் ஹிட்சிங்ஸ், ஜேம்ஸ் பிளாக் ஆகியோருடன் பகிர்ந்து கொண்டார். அசைக்ளோவிர் இந்தியாவின் இன்றியமையா மருந்துகள் பட்டியலிலும் இடம் பெற்றுள்ளது.

இம்மருந்துகள் புண்ணை விரைவில் ஆற்றும். மீண்டும் மீண்டும் வருவதைக் குறைக்கும். ஆனால் நரம்பு முடிச்சில் உறங்கும் கிருமியை ஒழிக்கா. 2004-இல் வெளியான ஓர் ஆய்வு இல்லறத்தார்க்கு நேரடிப் பயன் தருவது. தம்பதியரில் ஒருவருக்கு மட்டும் இரண்டாம் வகைத் தொற்று இருந்த 1,484 இணையரை அது எட்டு மாதங்கள் கண்காணித்தது. தொற்று உடையவர் வலாசைக்ளோவிர் என்னும் மருந்தை நாள்தோறும் உட்கொண்ட 743 இணையரில் 14 பேரின் துணைவருக்கும், வெற்று மாத்திரை பெற்ற 741 இணையரில் 27 பேரின் துணைவருக்கும் தொற்று ஏற்பட்டது. அதாவது ஆபத்து ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. மருந்து பெறாதோரிலும் 100-க்கு 96-க்கு மேற்பட்டோரின் துணைவருக்கு அந்த எட்டு மாதங்களில் தொற்று ஏற்படவில்லை என்பதும் இதிலிருந்து தெரிகிறது. தொற்று உடையவரோடு வாழ்தல் தொற்றடைவதற்கு ஒப்பாகாது. இந்நோய்க்கு அனுமதி பெற்ற தடுப்பூசி எதுவும் இன்னும் இல்லை.

சோதனை முடிவைப் படிக்கும் முறை

புதிய கொப்புளத்திலிருந்து எடுக்கப்படும் நீரைச் சோதித்து வைரஸைக் கண்டறிவதே நம்பத்தக்க முறை. இரத்தத்தில் எதிர்ப்பொருளைத் தேடும் சோதனைகள் பலவற்றிற்குக் குறைபாடு உண்டு. தொற்று ஏற்பட்டுச் சில வாரங்கள் வரை அவை எதிர்மறையாகவே இருக்கலாம். முதல் வகை எதிர்ப்பொருள் இருப்பது தெரிந்தாலும், தொற்று உதட்டிலா பிறப்புறுப்பிலா என்பதை அவை காட்டா.

அறிகுறியற்ற அனைவருக்கும் இரத்தச் சோதனை செய்வது ஏன் பயனற்றது என்பதை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். 1,000 பேரில் 50 பேருக்குத் தொற்று உள்ளது எனவும், சோதனை நூற்றுக்கு 95 முறை சரியான விடை தருவது எனவும் வைத்துக் கொள்வோம். தொற்று உள்ள 50 பேரில் ஏறக்குறைய 48 பேரைச் சோதனை கண்டுபிடிக்கும். தொற்று இல்லாத 950 பேரில் 5 சதவீதத்தினர், அதாவது ஏறக்குறைய 48 பேர், தவறாகத் தொற்று உள்ளவராகக் காட்டப்படுவர். எனவே 'தொற்று உண்டு' என்ற அறிக்கை பெறும் இருவரில் ஒருவர் தொற்றே இல்லாதவர்!

இந்தக் கணக்கு ஏட்டளவில் நிற்பதன்று. இந்து திருமணச் சட்டம், 1955-இன் 13-ஆம் பிரிவு, தொற்றக்கூடிய பால்வினை நோயை மணமுறிவிற்கான காரணங்களுள் ஒன்றாகக் கூறுகிறது. இத்தகைய சூழலில், சரிவரப் புரிந்துகொள்ளப்படாத ஓர் ஆய்வுக்கூட அறிக்கை குடும்பத்தில் எத்தகைய புயலை எழுப்பும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. அறிக்கையைக் கையில் கொடுத்தனுப்புவதோடு மருத்துவமனையின் கடமை முடிந்துவிடுவதில்லை. அதன் பொருளை விளக்கிக் கூறுவதும் அக்கடமையின் பகுதியேயாகும்.

தாயும் சேயும்

அரிதாக நேர்ந்தாலும் பெருங்கேடு விளைவிப்பது பச்சிளங் குழந்தைக்கு ஏற்படும் தொற்றாகும். உலக அளவில் ஒரு லட்சம் பிறப்புகளுக்குச் சுமார் 10 குழந்தைகள் இதற்கு ஆளாகின்றன. மூளைப் பாதிப்பும் உயிரிழப்பும் இதனால் நேரக்கூடும். நெடுங்காலமாகத் தொற்று உடைய தாயின் குழந்தைக்கு ஆபத்து மிகக் குறைவு. தாயின் எதிர்ப்பொருள் கருவிலேயே குழந்தையைச் சென்றடைந்து காக்கிறது. கருவுற்ற கடைசி மாதங்களில் தாய்க்கு முதன்முறையாகத் தொற்று ஏற்பட்டால்தான் ஆபத்து மிகுதி. எனவே தொற்று உள்ள கணவர் அம்மாதங்களில் தனிக் கவனத்துடன் ஒழுகுதல் வேண்டும். வாயிலும் பிறப்புறுப்பிலும் இவ்விதியே பொருந்தும். பிரசவ நேரத்தில் புண் காணப்படுமாயின் அறுவை முறையில் குழந்தையை எடுப்பது வழக்கம்.

குழந்தை பிறந்ததும் உற்றாரும் உறவினரும் அதை எடுத்துக் கொஞ்சுவது நாடெங்கும் உள்ள பழக்கம். உதட்டில் கொப்புளம் உள்ளவர் அந்நாட்களில் பச்சிளங் குழந்தையை முத்தமிடலாகாது என்ற ஒரு சிறு செய்தி, ஓர் உயிரைக் காக்கவல்லது. பிரசவத்திற்குப் பின்னர் 42 நாட்களுக்குள் பல முறை வீட்டிற்குச் சென்று தாயையும் சேயையும் பார்க்கும் ஆஷா பணியாளர் மூலம் இச்செய்தியைப் பரப்புவதற்குத் தனிச் செலவு எதுவும் தேவையில்லை.

எச்.ஐ.வி. தொடர்பு

இரண்டாம் வகை ஹெர்ப்பீஸ் உடையோருக்கு எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. புண் வழியே கிருமி எளிதில் நுழைவதும், அவ்விடத்தில் எச்.ஐ.வி. தாக்கும் உயிரணுக்கள் திரள்வதும் இதற்குக் காரணங்களாம். அசைக்ளோவிரைக் கொடுத்தே எச்.ஐ.வி. பரவலைத் தடுத்துவிடலாம் என்ற நம்பிக்கையோடு ஆப்பிரிக்க நாடுகளில் 3,408 தம்பதியரிடையே ஆய்வு நடந்தது. 2010-இல் வெளியான முடிவு அந்நம்பிக்கையைப் பொய்யாக்கியது, எச்.ஐ.வி. பரவல் குறையவில்லை. ஒரு நோய்க்கான மருந்து மற்றொன்றிற்கான தடுப்பு முறைக்கு ஈடாகாது என்பதே இதன் படிப்பினை.

அரசின் ஏற்பாடுகள்

தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ் அரசு மருத்துவமனைகளில் பால்வினை நோய்ச் சிகிச்சைக்கெனத் தனி மையங்கள் 'சுரக்ஷா' என்ற பெயரில் அமைக்கப்பட்டன. ஆய்வுக்கூட வசதியில்லாத இடங்களிலும் அறிகுறியைக் கொண்டே சிகிச்சை தொடங்கும் பொருட்டு, நிற வேறுபாடு கொண்ட ஏழு மருந்துப் பெட்டிகள் அத்திட்டத்தின் மூன்றாம் கட்டத்தில் (2007-2012) வகுக்கப்பட்டன. அவற்றுள் ஐந்தாவதாகிய சிவப்புப் பெட்டி ஹெர்ப்பீஸ் புண்ணுக்கு உரியது. 400 மில்லிகிராம் அசைக்ளோவிர் மாத்திரை நாளொன்றுக்கு மூன்று வேளை, ஏழு நாட்களுக்கு என 21 மாத்திரைகள் அதில் அடங்கும். 1097 என்ற கட்டணமற்ற தொலைபேசி எண்ணில் எச்.ஐ.வி., பால்வினை நோய்கள் பற்றிய விளக்கம் பெறலாம்.

பெட்டி கிடைப்பதால் மட்டும் பணி முற்றுப்பெறாது. முதல் ஏழு நாள் சிகிச்சை புண்ணை ஆற்றும். அதன் பின்னர் நோயாளி எழுப்பும் கேள்விகள் வேறு: இதைத் துணைவரிடம் எங்ஙனம் கூறுவது? இது யாரிடமிருந்து வந்தது? குழந்தை பெறலாமா? இவற்றிற்கு விடை மாத்திரையில் இல்லை. பொறுமையுடன் பேசும் ஆலோசகரிடமே உள்ளது. துணைவர் இருவரையும் ஒருங்கே அமர்த்தி, மறைவு காத்து, பழி சுமத்தாமல் விளக்குவதற்கு வேண்டிய பத்து நிமிடங்களை நெரிசல் மிக்க புறநோயாளிப் பிரிவில் ஒதுக்குவதே நடைமுறையில் கடினமான செயல்.

பொருளாதார நோக்கில்

பிறப்புறுப்பு ஹெர்ப்பீஸினால் உலகிற்கு ஆண்டுதோறும் ஏற்படும் மருத்துவச் செலவும் உற்பத்தி இழப்பும் சுமார் 3,500 கோடி அமெரிக்க டாலர் என மதிப்பிடப்பட்டுள்ளது. எனினும் இந்நோயின் உண்மையான விலையில் ஒரு பகுதி எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. முறிந்த திருமணங்களும், போலி மருத்துவரிடம் இரகசியமாகக் கொடுத்த பணமும், காரணமின்றித் தம்மைத் தாமே வெறுத்துக் கழித்த ஆண்டுகளும் அதில் அடங்கும். இவற்றைக் குறைக்கப் புதிய கண்டுபிடிப்பு எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை. தெளிவான செய்தி உரிய நேரத்தில் உரியவரைச் சென்றடைந்தாலே போதும்.

உதட்டில் வந்தால் காய்ச்சல் கொப்புளம் என்று கூறி ஆறுதல் பெறுகிறோம். அதே கிருமி வேறிடத்தில் வந்தால் குற்றவாளியைத் தேடுகிறோம். வைரஸிற்கு ஒழுக்கம் பற்றிய அறிவு கிடையாது. அது தோலை மட்டுமே அறியும். இவ்வுண்மையைக் கணவனும் மனைவியும் ஒருங்கே அறிந்து கொள்ளும் இல்லத்தில், இந்நோய் ஒரு சிறு உடல் தொல்லை என்ற அளவில் நின்றுவிடும். சுகாதாரத் துறையின் முயற்சி எய்த வேண்டிய இலக்கும் அதுவே.